ஸ்பிட்டி பள்ளத்தாக்கு: மே மாதம் அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஈரோட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற மே விடுமுறையில் இமாச்சலத்தில் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. நான், மனைவி, 9 வயதுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 61 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறார். மற்றபடி பழனியில் படி வழியாகவே ஏறுகிற ஆள்.

சண்டிகர் வரை விமானம், அங்கிருந்து வாடகை வண்டி. மணாலியில் ஓர் இரவு, அடுத்த நாள் அடல் சுரங்கப்பாதை வழியாக சந்திரதால் ஏரி, அதற்கடுத்த நாள் குன்சும் கணவாயைத் தாண்டி ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காஜா. காஜாவில் இரண்டு நாள் சுற்றிவிட்டு அதே வழியில் திரும்புவதாகத் திட்டம். பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பேசினேன். "சுரங்கப்பாதை வந்தபிறகு வருஷம் முழுக்கப் போகலாம் சார், மே மாசம்தான் பெஸ்ட்" என்கிறார். ஆனால் வேறொரு இடத்தில் மே மாதம் அந்த வழி திறந்தே இருக்காது என்று படித்தேன். யார் சொல்வது சரி?

அப்புறம் மூச்சுத்திணறல் பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அம்மாவை விட்டுவிட்டுப் போக மனமில்லை. கூட்டிக்கொண்டு போவது சரியா என்றும் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

புல்லட் பாண்டி எழுதியது:

அண்ணே, மே மாதத்தை மறந்துவிட்டு ஜூன் கடைசியில் போங்கள். நாங்கள் மதுரைப் பசங்க நாலு பேர் மணாலியிலிருந்துதான் பைக்கில் போனோம். கிராம்பூவிலிருந்து பாதல் வரைக்கும் ரோடே கிடையாது. ஆற்றுப் படுகையில் உருண்டைக் கல் மேல் ஓட்ட வேண்டியதுதான். பாதலில் இருக்கிற தாபாவில் ராஜ்மா சாதம் சாப்பிட்டுவிட்டு குன்சும் ஏறும்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது. ஒருத்தன் மட்டும் காஜாவில் இரவு முழுக்க வாந்தி எடுத்தான். மறுநாள் சரியாகிவிட்டது. பயப்படாமல் போங்கள். சந்திரதாலை மட்டும் விட்டுவிடாதீர்கள்!

டோசர்காரர் எழுதியது:

தம்பி ஈரோட்டுக்காரருக்கு வணக்கம். நான் வேலூர் பக்கம். எல்லைச் சாலைப் பணியில், அதாவது கிரெஃப்பில், டோசர் ஓட்டி ஓய்வு பெற்றவன். சும்டோவிலிருந்து லோசர் வரை அந்த ரோட்டில் நான் கல் தள்ளாத வளைவு குறைவு. இப்போது வீட்டில் சும்மா இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏற்பாட்டாளர் சொன்னது. அடல் சுரங்கம் 2020 அக்டோபரில் திறந்தது, 9 கிலோமீட்டர் நீளம், எல்லாம் சரி. ஆனால் அது ரோதாங் கணவாய்க்குக் கீழே குடைந்தது. மணாலியையும் லாஹௌல் பள்ளத்தாக்கையும்தான் இணைக்கிறது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் நீங்கள் நிற்பது சந்திரா ஆற்றங்கரை. ஸ்பிட்டி ஆறு அதற்கும் அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் 4,500 மீட்டருக்கும் மேலே குன்சும் கணவாய் இருக்கிறது. அதைக் குடைந்து யாரும் சுரங்கம் போடவில்லை. அங்கே விழுகிற பனியை டோசர்தான் வெட்டித் தள்ள வேண்டும். சில ஆண்டுகளில் மே கடைசியில் வழி கிடைக்கும், சில ஆண்டுகளில் ஜூன் பாதி ஆகிவிடும். அக்டோபர் தாண்டினால் எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மே நடுவில் அந்த வழியை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சந்திரதாலும் குன்சுமுக்கு அந்தப் பக்கம்தான், சந்திரா ஆற்றுப் பக்கம். அதற்குப் போகும் பாதையும் அப்போது பனிக்குள்தான் கிடக்கும்.

இதற்காக மே மாதத்தையே விட வேண்டியதில்லை. வழியை மாற்றுங்கள். சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாகப் போங்கள். அந்த ரோடு குளிர்காலத்தில்கூடப் பெரும்பாலும் திறந்திருக்கும். பனி விழுந்தால் ஓரிரு நாள் நிற்கும், மறுபடி விட்டுவிடுவார்கள். நான் இதைச் சொல்வதற்கு ரோடு மட்டும் காரணமில்லை. ஸ்பிட்டி ஆறு குன்சும் மலையில் பிறந்து தென்கிழக்காக இறங்கி, காப் என்ற இடத்தில் சட்லெஜில் விழுகிறது. கின்னோர் வழியாகப் போனால் அந்த ஆற்றை அதன் வாயில் பிடித்து, எதிரே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவீர்கள். உடம்பும் கூடவே பழகும். மணாலியிலிருந்து போனால் 2,000 மீட்டரில் காலை இட்லி சாப்பிட்டவர் மதியம் 4,500 மீட்டரில் நிற்பார். பாண்டி தம்பியின் நண்பர் இரவு முழுக்க வாந்தி எடுத்ததற்குக் காரணம் ராஜ்மா இல்லை.

வழியைச் சொல்கிறேன். சிம்லாவை விட்டு நார்கண்டா தாண்டி ராம்பூருக்கு இறங்குவீர்கள். ராம்பூர் 1,000 மீட்டர்தான், மே மாதம் நம் ஊர் மாதிரியே வியர்க்கும். அங்கிருந்து சட்லெஜை ஒட்டியே பயணம். ரெக்காங் பியோவுக்கு மேலே கல்பா இருக்கிறது, சுமார் 2,950 மீட்டர். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். எதிரே கின்னோர் கைலாசம் முழுசாகத் தெரியும், அம்மாவுக்குப் பிடிக்கும். கல்பா வரைக்கும் தேவதாரு, ஆப்பிள் தோட்டம் என்று பச்சையாக இருக்கும். பூ என்ற ஊரை நெருங்கும்போது பச்சை நின்றுவிடும். மழைமேகம் அந்த உயர மலைகளைத் தாண்டி வருவதில்லை. அங்கிருந்து மேலே எல்லாம் குளிர் பாலைவனம்தான். தண்ணீர் என்றால் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் மேகம் போட்டுவிட்டுப் போகிற பனி, அவ்வளவுதான்.

காப்பில் வண்டியை நிறுத்தி இரண்டு ஆறும் சேர்வதைப் பாருங்கள். சட்லெஜ் திபெத்திலிருந்து வருகிறது, ஸ்பிட்டி ஒரு பாறைப் பிளவுக்குள்ளிருந்து வெளியே வருகிறது. அந்தப் பிளவைப் பார்த்தால் இதற்கு மேலே அகலமான ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது என்று நம்பவே முடியாது. ரோடு அங்கே ஆற்றை விட்டு விலகி, வளைந்து வளைந்து நாக்கோவுக்கு ஏறும். நாக்கோ 3,600 மீட்டரைத் தாண்டிய ஊர். சின்ன ஏரி, பழைய புத்த மடம், தலைக்கு மேலே ரியோ புர்க்யில் சிகரம். 6,816 மீட்டர், இமாச்சலத்திலேயே உயரமானது. எல்லோரும் அங்கே தங்கச் சொல்வார்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். நாக்கோவில் டீ குடித்துவிட்டு இறங்கி டாபோ போய்த் தூங்குங்கள். டாபோ 3,280 மீட்டர்தான். பகலில் உயரத்தைத் தொட்டுவிட்டு இரவில் கீழே படுத்தால் மறுநாள் தலைவலி வருவது குறையும். நாங்கள் புதிதாக வந்த பையன்களை அப்படித்தான் பழக்குவோம்.

நாக்கோவைத் தாண்டியதும் மலிங் நாலா வரும். நாலா என்றால் மலையிலிருந்து இறங்கும் ஓடை. அந்தச் சரிவு எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் வெட்டிய ரோட்டை அது விழுங்கும், நாங்கள் மறுபடி வெட்டுவோம். அதைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த நாலாவுக்கும் இதுதான் கணக்கு. இரவில் மேலே எல்லாம் உறைந்திருக்கும், அதனால் காலையில் ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு வெயில் ஏறினால் பனி உருகும், சாயங்காலம் அதே ஓடை வண்டியின் பம்பர் வரை வரும். கல் விழுவதும் அப்படித்தான். இரவில் கல்லிடுக்கில் இருக்கும் ஈரம் உறைந்து கல்லைப் பிடித்து வைத்திருக்கும். வெயில் பட்டு இளகியதும் அது விடுபடும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கு நெடுக மேல்நோக்கி ஒரு காற்று கிளம்பும், தினமும். புழுதியைக் கண்ணில் அடிக்கும், சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிற கல்லையும் தள்ளிவிடும். அங்கே மலை என்று நீங்கள் பார்ப்பதில் பாதி கெட்டிப் பாறை இல்லை, கொட்டி வைத்த ஜல்லிக் குவியல் மாதிரி. பிடித்து நிறுத்த ஒரு மரம், ஒரு வேர் கிடையாது. அதனால் ஆறு மணிக்கு வண்டியை எடுங்கள், இரண்டு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள். சாயங்காலம் போட்டோ எடுக்கலாம் என்று டிரைவரை நிறுத்தி வைக்காதீர்கள்.

சும்டோவில் பாரிச்சு என்று ஒரு ஆறு திபெத்திலிருந்து வந்து ஸ்பிட்டியில் சேரும். பார்த்தால் சாதாரண ஆறுதான். 2004-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் மலை சரிந்து அதை அடைத்துவிட்டது. பெரிய ஏரி ஆகிவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்களுக்கும் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அந்த ஆண்டு உடையவில்லை. 2005 ஜூன் கடைசியில் உடைந்தது. மெஷின்களை மேட்டில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றிவிட்டு மேலிருந்து பார்த்தேன். தண்ணீர் என்று சொல்ல முடியாது, கருஞ்சேறு. கல்லோடு கல் மோதுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்கவில்லை. சட்லெஜ் நெடுகப் பாலங்களும் ரோடும் போயின. முன்கூட்டியே ஜனங்களை மேலே ஏற்றிவிட்டதால் உயிர்கள் தப்பின. நீங்கள் போகும்போது ஆற்றோர முகாம் என்று யாராவது தள்ளுபடியில் கூடாரம் கொடுத்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், மேட்டில் இருக்கிற ஊருக்குள் அறை எடுங்கள்.

சும்டோவுக்குப் பக்கத்தில் கியூ என்று ஒரு கிளை ஊர். உட்கார்ந்த நிலையிலேயே காய்ந்துபோன ஒரு துறவியின் உடல் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. 1975 ஜனவரி நிலநடுக்கத்தில் பழைய ஸ்தூபி இடிந்தபோது தெரியவந்தது என்பார்கள். பையன் பயப்படுவானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாபோவில் அவசரப்படாதீர்கள். அந்த மடம் 996-ல் கட்டியது. வெளியே பார்த்தால் மண் சுவர், உயரம் குறைந்த கட்டடம். "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று தோன்றும். உள்ளே இருட்டில் கண் பழகியதும் சுவர் முழுக்க ஓவியம், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் சுதைச் சிலைகள். கேமரா கூடாது, சின்ன டார்ச் எடுத்துப் போங்கள். பச்சை மண்ணில் கட்டியது ஆயிரம் ஆண்டு நின்றதென்றால் அங்கே மழை இல்லாததுதான் காரணம். 2023 ஜூலையில் அடித்த மாதிரி மழை அடிக்கடி வந்தால் அந்தக் கூரை என்ன ஆகும் என்று எனக்குக் கவலைதான்.

டாபோவிலிருந்து காஜா 47 கிலோமீட்டர். நடுவில் டங்கர். முன்பு ஸ்பிட்டியின் தலைநகரம் அதுதான். பழைய மடம் ஒரு மண் கூம்பின் உச்சியில் தொங்குகிறது. நின்று பார்த்தால் கீழே பின் ஆறும் ஸ்பிட்டி ஆறும் பின்னிக்கொள்வது தெரியும். அதற்கு அப்புறம் ஆத்தர்குவில் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பினால் பின் பள்ளத்தாக்கு, கடைசி ஊர் மூத். எனக்குக் கேட்டால் கூட்டமே இல்லாத இந்தக் கிளைப் பள்ளத்தாக்குதான் முழு ஸ்பிட்டியிலும் பார்க்க வேண்டியது. மலையில் பாறை அடுக்குகள் பச்சையும் ஊதாவுமாக மடிந்து கிடக்கும். ஆனால் மே முதல் பாதியில் மூத் வரை வண்டி போகுமா என்பதை ஆத்தர்குவில் கேட்டுக்கொண்டு திரும்புங்கள்.

காஜா 3,700 மீட்டரை ஒட்டியது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். போன அன்று எங்கும் ஏறாதீர்கள். மறுநாள் கீ மடம், கிப்பர், சிச்சம் பாலம். அந்தப் பாலம் 2017-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் சிச்சம் ஊர்க்காரர்கள் கம்பியில் தொங்குகிற ஒரு தொட்டிலில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்து, பாலத்துக்குக் கீழே இருக்கும் ஆழமான பிளவைத் தாண்டுவார்கள். ஆட்டுக்குட்டியோடு ஒரு பாட்டி அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்குத்தான் கால் நடுங்கியது.

காஜாவுக்கு மேலே இருக்கும் லாங்ஜா, ஹிக்கிம், கோமிக் மூன்று ஊர்களும் 4,400, 4,500 மீட்டர். அம்மாவை அங்கே கூட்டிப் போகலாம், ஆனால் தங்க வைக்க வேண்டாம். போய் ஹிக்கிம் தபால் நிலையத்தில் ஈரோட்டு முகவரிக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு காஜா திரும்புங்கள்.

ஈரோட்டுக்காரன் எழுதியது:

ஐயா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை, ரொம்ப நன்றி. அந்த ஏற்பாட்டாளரிடம் குன்சும் பற்றிக் கேட்டேன். "அப்படியானால் சிம்லா வழியாகப் போட்டுத் தருகிறேன், எட்டு நாளில் சாங்ளா, கல்பா, நாக்கோ, காஜா, சந்திரதால், மணாலி" என்று புது அட்டவணை அனுப்பியிருக்கிறார். மறுபடியும் சந்திரதால்!

இன்னும் சில கேள்விகள். அம்மாவின் மாத்திரை விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா? சாப்பாடு எப்படி? அம்மா முட்டைகூடத் தொட மாட்டார். ஒருவேளை மே தள்ளிப்போனால் காலாண்டுத் தேர்வு விடுமுறையில் போகலாமா?

சண்டிகர்வாசி எழுதியது:

தம்பி, நான் சண்டிகரில் இருபது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறேன், சொந்த ஊர் கும்பகோணம். என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். எல்லா ஊரிலும் பருப்பு, சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு கிடைக்கும். துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும் மோமோ என்கிற கொழுக்கட்டையும் காய்கறியில் செய்து தருவார்கள், முன்பே "சுத்த சைவம்" என்று சொல்லிவிடுங்கள், சூப்புத் தண்ணீரில் இறைச்சி போட்டிருக்கலாம். வெண்ணெயும் உப்பும் போட்ட டீயை என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அங்கே தண்ணீர் 90 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதனால் குக்கர் இல்லாத இடத்தில் சோறு நடுவில் கடிக்கும். அவல், சத்துமாவு, புளிக்காய்ச்சல் எடுத்துப் போங்கள்.

ஓட்டலை விட வீட்டுத் தங்கல் நல்லது. காஜாவிலும் டாபோவிலும் நிறைய வீடுகள் இருக்கின்றன. ஆனால் வெந்நீர் வாளிக் கணக்கில்தான். இரவில் குழாய் உறைந்திருந்தால் வெயில் வந்த பிறகுதான் தண்ணீர். பல வீடுகளில் உலர் கழிப்பறைதான் இருக்கும். தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்ணும் சாம்பலும் போட வேண்டும், பிற்பாடு அது வயலுக்கு உரமாகப் போகும். மாமியாருக்கு முதல் நாள் சங்கடம்தான். ஆனால் அங்கே போய் "மேற்கத்திய டாய்லெட் இல்லையா" என்று சண்டை போடாதீர்கள். ஆறு கண்ணெதிரே ஓடினாலும் அது ஆழத்தில் ஓடுகிறது, ஊர் மேட்டில் இருக்கிறது. ஊருக்கு வரும் தண்ணீர் பின்னால் இருக்கும் மலைப்பனி உருகி, கூல் என்கிற வாய்க்காலில் வருவது. அதே தண்ணீரில்தான் பார்லியும் பட்டாணியும் விளைகின்றன. நாங்கள் தங்கிய வீட்டு அம்மா, பனி சரியாக விழாத வருஷம் பட்டாணி பூ விடும்போதே காய்ந்துவிடும் என்றார். அந்தப் பட்டாணிதான் அவர்களுக்குப் பணம் தரும் பயிர். அதனால் நாம் கொட்டுகிற ஒவ்வொரு வாளியும் அவர்கள் வயலுக்குப் போக வேண்டியது.

மாத்திரை விஷயம்: உங்கள் மருத்துவரிடம் உயரமான இடத்துக்குப் போகிறோம் என்று சொல்லி, ரத்த அழுத்த மாத்திரையில் மாற்றம் வேண்டுமா, மலை நோய்க்கான அசிட்டசோலமைடு கொடுக்கலாமா என்று கேளுங்கள். சல்பா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். லேசான தலைவலி பலருக்கும் வரும். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குவது என்று வந்தால் காத்திருக்கக் கூடாது, கீழே இறங்க வேண்டும். காஜாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

காலாண்டு விடுமுறை அருமையான நேரம். செப்டம்பர் கடைசியில் மழை ஓய்ந்திருக்கும், வானம் அவ்வளவு நீலமாக இருக்கும், நாங்கள் போனபோது வில்லோ மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. ஆனால் உங்களுக்கு விடுமுறை ஒரு வாரம்தானே? சிம்லா வழியாகப் போய் வர அது போதாது. பையனுக்கு நாலு நாள் சேர்த்து லீவு போடுங்கள்.

டோசர்காரர் எழுதியது:

சண்டிகர் தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. நான் விட்டதை மட்டும் சேர்க்கிறேன்.

அந்தப் புது அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். எட்டு நாளில் சிம்லாவில் ஏறி மணாலியில் இறங்குவது என்றால் தினமும் எட்டு மணி நேரம் வண்டியில்தான் இருப்பீர்கள், அதுவும் மே மாதம் குன்சும் திறந்தால்தான். போன வழியே திரும்புங்கள். திரும்பும்போது அதே ரோடு வேறாகத் தெரியும், வெயில் எதிர்ப்பக்கம் விழும். குறைந்தது பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். ரோடு அடைத்தால் அது உதவும். அடைக்காவிட்டால் திரும்பும் வழியில் சாங்ளாவில் தங்கலாம்.

சந்திரதாலைப் பற்றி. அழகான ஏரிதான், யார் இல்லை என்றார்கள்? 4,200 மீட்டருக்கு மேலே, போன் எடுக்காது, பக்கத்தில் மருத்துவமனை கிடையாது, கூடாரத்தில்தான் படுக்கை. 2023 ஜூலையில் எதிர்பாராத பனியும் மழையும் வந்து இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் அந்த முகாம்களில் மாட்டிக்கொண்டு, ரோட்டைத் திறந்து மீட்டார்கள். அம்மாவை முதல் பயணத்திலேயே அங்கே தூங்க வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். பையன் பெரியவனானதும் பாண்டி தம்பியோடு பைக்கில் போகட்டும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை இரண்டு வழியிலும் தவிருங்கள். ஸ்பிட்டிக்குள் மழை குறைவுதான், ஆனால் ஸ்பிட்டிக்குப் போகிற கின்னோர் ரோடு மழையில் நனைகிறது. 2021 ஆகஸ்ட்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து பேருந்தோடு ஜனங்கள் புதைந்தார்கள். அந்த இடத்தைத் தாண்டித்தான் நீங்கள் கல்பா போக வேண்டும்.

லாங்ஜாவில் சிறுவர்கள் சுருள் சுருளான கல்லை நீட்டுவார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே டெத்திஸ் என்ற கடல் இருந்தது, அந்தக் கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரிகளின் படிவம் அது. நம் ஊரில் சாளக்கிராமம் என்று பூஜை அறையில் வைப்பதும் இந்த வகைதான், அதனால் அம்மா ஆசைப்படுவார். கையில் வாங்கிப் பையனுக்குக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் இருக்கும்வரை தோண்டி எடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

பெட்ரோலுக்குப் பயமில்லை, பியோவில் நிரப்பினால் காஜாவில் பங்க் இருக்கிறது. பணம் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னல் எங்கள் காலத்துக்கு இப்போது எவ்வளவோ தேவலாம், கியூவுக்குக்கூட 2024-ல் வந்துவிட்டது. ஆனால் மின்சாரம் போனால் அதுவும் போகும், ஸ்கேன் செய்து பணம் கட்டுவதும் போகும். இந்தியர்களுக்கு எல்லை அனுமதிச் சீட்டு தேவையில்லை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் கூட வந்தால்தான் பியோவில் வாங்க வேண்டும்.

புல்லட் பாண்டி எழுதியது:

ஐயா, ராஜ்மா மேல் பழி போட்டது நாங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். 😄 ஒரு சந்தேகம். அடுத்த தடவை சிம்லா வழியாக ஏறி குன்சும் வழியாக இறங்கலாம் என்று இருக்கிறோம். செப்டம்பர் இரண்டாம் வாரம் சரியா? பாதல்–கிராம்பூ இடையில் நாலாக்களை எப்போது கடப்பது?

டோசர்காரர் எழுதியது:

பாண்டி தம்பி, செப்டம்பர் இரண்டாம் வாரம் சரிதான், மழை வால் கொஞ்சம் இருக்கலாம். இருட்டோடு காஜாவில் கிளம்பினால் குன்சுமில் விடியற்காலைப் பனிக்கட்டி ரோட்டில் கண்ணாடி மாதிரி இருக்கும், பைக் வழுக்கும். அதனால் முந்தின நாள் லோசரில் தங்குங்கள். விடிந்து வெயில் ரோட்டில் பட்டதும் ஏறுங்கள், அங்கிருந்து கணவாய் இருபது கிலோமீட்டருக்குள்தான். பத்து மணிக்குள் பாதலுக்கு இறங்கிவிட்டால் சத்ரூ வரை உள்ள நாலாக்களைத் தண்ணீர் ஏறுவதற்குள் தாண்டிவிடலாம். நடுவில் ஏதாவது ஒன்றில் தண்ணீர் கலங்கி, அடியில் கல் தெரியாமல் ஓடினால் இறங்காதீர்கள். முதலில் ஒரு லாரி போகட்டும், அதன் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பாருங்கள்.

ஈரோட்டுத் தம்பி, வண்டி பிடிக்கும்போது சிம்லா அல்லது பியோ பக்கத்து டிரைவராகக் கேளுங்கள். சமவெளி டிரைவர் அந்த வளைவுகளில் எதிரே பேருந்து வந்தால் பின்னால் எடுக்கத் திணறுவார். பியோவிலிருந்து காலையில் காஜாவுக்கு அரசுப் பேருந்தும் போகிறது. ஏதாவது காரணத்தால் வண்டி நின்றுவிட்டால் அது நாக்கோ, டாபோ வழியாகத்தான் வரும், கை காட்டினால் நிறுத்துவார்கள்.